பாரிசவாதமும் ஒட்சியேற்ற எதிரி மருந்துகளும்

மன்னார்க் குடாவின் முத்துப்பார்களிலே மூழ்கிச் சிப்பி வாரியவர்கள் ஒரு மூச்சின் அளவை நன்கு அறிந்தவர்கள். கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் கால் வைத்துக் கடலடிக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் இட்டு, மீண்டும் நீர்மட்டத்துக்கு வந்துவிடுவர். சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்குப் பெருந்திரளான மக்களை ஈர்த்த அத்தொழில் இருபதாம் நூற்றாண்டிலே ஓய்ந்துபோயிற்று. எனினும் அம்மூழ்குநர் வாழ்க்கை உடலியல் பயில்வோருக்கு ஒரு நல்ல வினாவை விட்டுச் சென்றிருக்கிறது. மூச்சை அடக்கிய அந்த ஒரு நிமிடத்தில் அவர்களுடைய மூளைக்குக் கேடு நேராமை எதனால்?

மூச்சு நின்றதேயன்றி அவர்களுடைய குருதியோட்டம் நிற்கவில்லை என்பதே விடை. நுரையீரலில் அடைத்து வைத்த காற்றிலிருந்தும், குருதியிற் கலந்திருந்த இருப்பிலிருந்தும் மூளைக்கு ஒட்சிசன் இடையறாது சென்றுகொண்டிருந்தது. பாரிசவாதத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே மூச்சு ஓடுகிறது, இதயம் துடிக்கிறது, ஆனால் மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் குருதிக்குழாய் மட்டும் அடைபட்டுப்போகிறது. கடற்காற்று வீசும் முற்றத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரின் மூளையில் ஒரு கூறு மாத்திரம், மேலெழ வழியின்றி ஆழத்தில் அகப்பட்ட மூழ்குநனைப் போல் ஆகிவிடுகிறது.

மனித உடலின் நிறையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும் வேளையில் செலவிடும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு என்று சேமித்து வைக்கும் வழக்கம் அதற்கு இல்லை. குருதி கொண்டுவருவதை அவ்வப்போதே செலவிட்டுவிடும். ஆகவே வரவு தடைப்பட்டவுடன் துன்பம் தொடங்குகிறது. பாரிசவாதம் இருவகைப்படும். குருதிக்கட்டி குழாயை அடைப்பதால் வருவது ஒன்று. குழாய் வெடித்துக் குருதி கசிவதால் வருவது மற்றொன்று. முன்னையதே பெரும்பான்மை. இங்கு ஆராயப்படுவதும் பெரிதும் அதுவே.

இயல்பான நிலையில் மூளையின் 100 கிராமுக்கு நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் குருதி பாய்கிறது. அது ஏறத்தாழ 20க்குக் கீழே இறங்கும்போது நரம்புக்கலங்கள் தம் தொழிலை நிறுத்திவிடுகின்றன. ஏறத்தாழ 10க்குக் கீழே இறங்கினால் விரைவில் இறந்துவிடுகின்றன. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பகுதி தொழில் ஒழிந்தும் உயிர் ஒழியாத பகுதியாகும். 1977இலும் 1981இலும் வெளிவந்த ஆய்வுகளில் ஆஸ்திரப், சைமன் முதலியோர் இதனை விளக்கி, கிரகணத்தின்போது முழு இருளைச் சூழ்ந்து தோன்றும் அரைநிழலுக்கு ஒப்பிட்டனர். பாரிசவாத மருத்துவத்தின் நம்பிக்கை முழுவதும் இந்த அரைநிழலைச் சார்ந்தே நிற்கிறது. குருதி திரும்ப வந்தால் அது பிழைக்கும். வராவிடின் நடு இருளோடு சேர்ந்து தானும் மடியும்.

குருதி திரும்பிவிட்டால் யாவும் நலமோ என வினவுவார்க்கு, முழுவதும் அன்று என்றே விடை கூறல் வேண்டும். காக்க வந்த ஒட்சிசனே கேடும் செய்கிறது என்பது கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அறியப்பட்ட பேருண்மையாகும். இதனை விளங்கிக்கொள்ளப் பேசாலைக் கரையிலே காயும் கருவாடே போதிய உதாரணம். சாளை, சூடை போன்ற நெய்ப்பற்றுள்ள மீனை உப்பிட்டு உலர்த்தி வைத்தால் தசை அழுகாமல் நிற்கும். ஆனால் நாளடைவில் அதன்மேல் மஞ்சள் படர்ந்து காறல் நாற்றம் எழுவதைக் காணலாம். உப்பு தசையைக் காத்தது, நெய்யைக் காக்கவில்லை. காற்றிலுள்ள ஒட்சிசன் மீன்நெய்யின் மூலக்கூறுகளைத் தாக்கி உடைத்ததன் விளைவே அக்காறல். ஒரு மூலக்கூறு தாக்குண்டால் அது அடுத்ததைத் தாக்கும். அடுத்தது அதற்கடுத்ததைத் தாக்கும். இவ்வாறு கேடு சங்கிலிபோற் படர்கிறது. மூளையும் கொழுப்பு மிகுந்த உறுப்பு. மீன்நெய்யில் உள்ளவற்றையொத்த, எளிதில் ஒட்சியேறும் கொழுப்புகள் நரம்புக்கலங்களின் மென்சவ்வுகளில் நிறைந்துள்ளன. கருவாட்டில் பல வாரங்களாக நிகழும் அதே இரசாயனம், பாரிசவாதமுற்ற மூளையில் மணிக்கணக்கில் நிகழ்ந்துவிடுகிறது.

இதன் முறை பின்வருமாறு. குருதி நின்றவுடன் கலத்தின் ஆற்றல் வற்றுகிறது. உப்புக்களை அளவாக உள்ளும் புறமும் வைத்திருக்கும் இயக்கம் நின்றுபோக, சோடியமும் நீரும் கல்சியமும் கலத்தினுள் வெள்ளம்போற் புகுகின்றன. நொதியங்கள் நிலை பிறழ்கின்றன. ஆற்றலைப் பிறப்பிக்கும் இழைமணிகள் பழுதுபடுகின்றன. இந்நிலையில் குழாய் திறந்து ஒட்சிசன் மீண்டும் வந்து பாயுமாயின், பழுதுற்ற இழைமணிகளால் அதனை ஒழுங்காகக் கையாள இயலாது. ஒட்சிசன் மூலக்கூறு தனி இலத்திரன் ஒன்றை ஏற்றுச் சுப்பரொட்சைட்டு என்னும் சுயாதீன மூலிகம் ஆகிறது. இணையற்ற இலத்திரனைக் கொண்ட இத்தகைய மூலிகங்கள், அருகிலுள்ள எதனிடமிருந்தும் ஓர் இலத்திரனைப் பறித்தேனும் அமைதி பெற முயல்வன. சுப்பரொட்சைட்டிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டும், அது இரும்புடன் சேரும்போது அதனினும் கொடிய ஐதரொட்சில் மூலிகமும் தோன்றுகின்றன. கொழுப்பு, புரதம், மரபணு ஆகிய மூன்றும் அவற்றுக்கு இரையாகின்றன.

உடல் இவற்றை எதிர்க்க வழியற்றதன்று. ஒட்சியேற்றத்தைத் தடுத்து நிற்கும் பொருள்கள் ஒட்சியேற்ற எதிரிகள் எனப்படும். உயிர்ச்சத்து சீ, உயிர்ச்சத்து ஈ, குளுற்றாதயன், யூரிக் அமிலம் ஆகியன உடலிலுள்ள இத்தகைய காவலர்கள். சுப்பரொட்சைட்டை அழிக்கவென்றே ஒரு நொதியம் உடலில் உண்டு என்பதை 1969இல் அமெரிக்கரான மக்கோட், பிரிடோவிச் ஆகிய இருவரும் வெளியிட்டனர். குருதி நின்று மீண்ட உறுப்புகளில் நேரும் கேட்டுக்குச் சுயாதீன மூலிகங்களே காரணம் என்னும் கருத்து 1980களில் வலுப்பெற்றது. எனவே காவலர் போதாத இடத்தில் புறத்தேயிருந்து காவலரை அனுப்பினால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. ஒட்சியேற்ற எதிரிகளை மருந்தாக்கிப் பாரிசவாதத்துக்குக் கொடுக்கும் முயற்சியின் பிறப்பு இதுவே.

எலிகளில் இம்முயற்சி வியக்கத்தக்க பயனளித்தது. மனிதரிடத்தோ வரலாறு வேறாயிற்று. முதலில் வந்தவற்றுள் ஒன்று ரிரிலசாட் என்னும் மருந்து. கொழுப்பு ஒட்சியேறுவதைத் தடுக்க வல்லது என அது பெயர் பெற்றிருந்தது. ஆறு ஆய்வுகளில் 1,757 நோயாளரைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களுள் இறந்தவர்களும் இயலாமை எய்தியவர்களும் பெறாதவர்களைவிடச் சற்று மிகுந்தே காணப்பட்டனர். நன்மை செய்யும் என எண்ணியது தீமை செய்ததோ என்று ஐயுறும் நிலை ஏற்பட்டது.

அடுத்து எழுந்த நம்பிக்கை அதனினும் பெரியது. என்.எக்ஸ்.வை.-059 எனக் குறிக்கப்பட்ட மருந்து, மூலிகங்களைப் பொறிவைத்துப் பிடிப்பது போலப் பற்றிக்கொள்ளும் தன்மையது. அதனை நோய் தொடங்கிய ஆறு மணி நேரத்துள் ஏறத்தாழ 1,700 நோயாளரிடம் ஆராய்ந்த முதலாவது பேராய்வு 2006இல் வெளிவந்தது. இயலாமை சிறிதளவு குறைந்ததாக அது கூறிற்று. உலகெங்கும் மகிழ்ச்சி பரவியது. ஆனால் ஏறக்குறைய 3,300 நோயாளரைக் கொண்டு நடத்திய இரண்டாவது ஆய்வில் எப்பயனும் காணப்படவில்லை. மருந்தை ஆக்கிய நிறுவனம் அம்முயற்சியை அத்துடன் கைவிட்டது. அதே 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பாரிசவாதத்துக்கென அதுவரை சோதிக்கப்பட்ட 1,026 சிகிச்சைகளைக் கணக்கெடுத்தது. அவற்றுள் மனிதரிடம் பரீட்சிக்கப்பட்டவை 114 மாத்திரமே. மூளைக்கலங்களை நேரே காக்கும் மருந்து என்று உலகம் ஒருமுகமாக ஏற்றது அவற்றுள் ஒன்றுமில்லை.

இவ்வரலாற்றில் விலக்காக நிற்பது எடரவோன் என்னும் மருந்து. யப்பானில் 2001இல் பாரிசவாதத்துக்கு அனுமதி பெற்ற இது, இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிவருகிறது. யப்பானியர் 250 நோயாளரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாதகமாக அமைந்தது. ஆயினும் இதனைப் பெற்ற சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றமையால் யப்பானிய அரசு பின்னர் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. எடரவோனுடன் போர்னியோல் என்னும் கற்பூர இனப் பொருளைச் சேர்த்துச் சீனர் ஆக்கிய மருந்து 1,165 பேரிடம் ஆராயப்பட்டு, அதன் முடிவு 2021இல் வெளிவந்தது. தொண்ணூறு நாட்களின் பின் இயலாமை அற்றவர்களாக இருந்தோர், கூட்டு மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 67 பேர். எடரவோன் மட்டும் பெற்றவருள் 59 பேர். இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடன்று. எனினும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பாரிசவாதத்துக்கு இம்மருந்தை இன்னும் ஏற்கவில்லை. ஒரு நாட்டில் தோன்றிய நல்ல முடிவு பிற நாட்டு மக்களிடத்தும் மெய்ப்பிக்கப்படுதல் வேண்டும் என்பதே அறிவியலின் நெறி.

எலியைக் காத்த மருந்து மனிதனைக் காவாது போனமைக்குக் காரணங்கள் பல. ஆய்வுகூடத்து எலி இளமையும் நலமும் வாய்ந்தது. பாரிசவாதத்துக்கு ஆளாகும் மனிதரோ பெரும்பாலும் முதியவர். பல்லாண்டு குருதியமுக்கமும் நீரிழிவும் உடையவர். எலிக்குக் குழாயை அடைத்தவரே அடைத்த கணத்தை அறிவார். மருந்தையும் உடனே, சிலவேளை முன்னதாகவே, கொடுத்துவிடுவார். மனிதருக்கு மருந்து சேர்வது பல மணி நேரத்தின் பின். மூலிகங்கள் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறுகிய வாழ்வுடையன. கேடு முடிந்தபின் வந்த காவலனால் ஆவது சிறிதே. அன்றியும், குழாய் அடைபட்ட இடத்துக்கு மருந்து செல்வது எங்ஙனம்? அடைப்பு நீங்கினாலன்றிக் குருதியும் செல்லாது. குருதியில் ஏறிச் செல்லும் மருந்தும் செல்லாது. என்.எக்ஸ்.வை.-059 குருதியிலிருந்து மூளைக்குள் எளிதிற் புகும் இயல்பினதும் அன்று.

இவற்றோடு ஆராய்வோரின் குறையும் உண்டு. எந்த விலங்குக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்பதை அறியாமலே முடிவை அளத்தல் வேண்டும் என்பது நடுநிலைக்கு உரிய விதி. அவ்விதியைப் பேணாத விலங்காய்வுகளிலேயே என்.எக்ஸ்.வை.-059 பெரும் பயன் காட்டிற்று என்றும், பேணிய ஆய்வுகளிலும் குருதியமுக்கம் உடைய விலங்குகளிலும் பயன் குறைந்தது என்றும் 2008இல் எடுத்துக்காட்டப்பட்டது. தாம் காண விரும்பியதையே கண்டவர்கள் ஏமாந்தனர். இக்குறையைக் களைய அமெரிக்காவில் பல ஆய்வுகூடங்கள் ஒன்றுசேர்ந்து, இளையனவும் முதியனவும் நோயுற்றனவுமான விலங்குகளில், கண்கட்டிய முறையில், ஆறு சிகிச்சைகளை ஒருங்கே பரீட்சித்தன. அவற்றுள் மேம்பட்டு நின்றது யூரிக் அமிலம். இது முன்னரே பார்சலோனாவில் நோயாளரிடம் ஆராயப்பட்டது. 2014இல் வெளிவந்த அவ்வாய்வில் பயன் சிறிது தென்பட்டபோதிலும் உறுதிப்படவில்லை. ஆகவே வாயில் முற்றாக அடைக்கப்படவில்லை; அடைப்பை நீக்கும் சிகிச்சையோடு துணையாகக் கொடுத்தால் இம்மருந்துகள் பயன்தருமோ என்பதே இன்றைய ஆராய்ச்சி.

இவ்விடத்தில் பொதுமக்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒட்சியேற்ற எதிரி என்ற சொல் ஆய்வுகூடத்தை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்து நெடுநாளாயிற்று. குளிசைகளிலும் சத்துமாப் பெட்டிகளிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னார்ப் பள்ளிமுனையில் புகழ்பெற்று நிற்கும் பெருக்கமரத்தின் கனியில் உயிர்ச்சத்து சீ மிகுதி. குடாக்கடற் பாசிகளிலும் முருங்கையிலையிலும் ஒட்சியேற்ற எதிரிகள் உள்ளன. இவை உண்ணத்தக்க நல்லுணவுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் உணவு வேறு, மருந்து வேறு. பாரிசவாதம் வந்தபின் இவற்றின் சாற்றைப் பருக்கி மூளையை மீட்கலாம் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. வருமுன் காக்கவென உயிர்ச்சத்து ஈயைக் குளிசையாகப் பெருமளவில் உட்கொள்வதும் பயன்படவில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த பேராய்வில் 9,541 பேரிடம் அது எந்நன்மையும் செய்யவில்லை. 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, அடைப்பால் வரும் பாரிசவாதம் நூற்றுக்கு 10 பங்கு குறைய, குருதிக்கசிவால் வருவது 22 பங்கு கூடியமை தெரிந்தது.

அங்ஙனமாயின் மூளையைக் காப்பது எது? காலமே காப்பது. பெருங்குழாய் அடைபட்ட ஒருவர் சிகிச்சையின்றிக் கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்களை இழக்கிறார் என 2006இல் அமெரிக்க வைத்தியர் சேவர் கணித்தார். குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை மூன்று மணி நேரத்துள் கொடுத்தால் பயனுண்டு என்பது 1995இலும், நாலரை மணி நேரம்வரை கொடுக்கலாம் என்பது 2008இலும் நிறுவப்பட்டன. நுண்ணிய கம்பியைக் குழாயினுட் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் முறை 2015இல் உறுதி பெற்றது. மூலிகத்தைப் பிடிக்கும் மருந்துகள் தடுமாறிய அதே காலத்தில், வழியைத் திறக்கும் சிகிச்சைகள் வென்றன என்பது சிந்திக்கத்தக்கது.

இந்த நாலரை மணி நேரத்தை மன்னாரின் நிலவமைப்போடு வைத்து நோக்குதல் வேண்டும். தீவைப் பெருநிலத்தோடு இணைப்பது ஒரே தாம்போதி. 1990இல் போரினால் சிதைந்த பாலத்துக்கு ஈடாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டமையால் பயணம் எளிதாயிற்று. எனினும் தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நகரிலிருந்து யாழ்ப்பாணம், அநுராதபுரம் ஆகிய இடங்களிலுள்ள போதனா வைத்தியசாலைகளுக்கு ஒவ்வொரு திசையிலும் நூறு கிலோமீற்றருக்குக் குறையாத வழி உண்டு. இரண்டு மணி நேரப் பயணம் என்று கொண்டாலும், சேவரின் கணக்கின்படி 22 கோடிக்கு மேற்பட்ட கலங்கள் வழியிலேயே மடியும். தூரத்தைக் குறைக்க எவராலும் இயலாது. ஆனால் புறப்படுமுன் வீட்டில் வீணாகும் நேரத்தைக் குறைக்க எவராலும் இயலும்.

அந்நேரமே பெரும்பாலும் இழக்கப்படுகிறது. விடியட்டும் பார்ப்போம் என்று காத்திருத்தல், எண்ணெய் பூசித் தேய்த்தல், மயக்கம் தெளியக் கோப்பி பருக்குதல் ஆகியன அன்பினாலே செய்யப்படுவன. ஆயினும் கேடு விளைப்பன. விழுங்கும் ஆற்றல் இழந்தவருக்கு வாய்வழி கொடுப்பது நுரையீரலுக்குட் செல்லக்கூடும். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் பாரிசவாதம் எனக் கொள்ளல் வேண்டும். உடனே 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். நோயாளர் கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்து வைத்திருந்து வைத்தியரிடம் கூறுதல் இன்றியமையாதது. ஊசிமருந்து கொடுக்கலாமா என்பது அதைக்கொண்டே தீர்மானிக்கப்படும். தலையைச் சீ.ரீ. படம் எடுத்துப் பார்த்தாலன்றி, அடைப்போ கசிவோ என்று உறுதியாக அறிய இயலாது. கசிவாயிருப்பின் குருதியை இளக்கும் மருந்து உயிருக்கே ஊறாகும். ஆதலால் வீட்டில் அஸ்பிரின் கொடுத்தலும் தகாது.

இனி, வருமுன் காத்தல். பாரிசவாதத்தின் காரணங்களுள் தலைமையானது உயர் குருதியமுக்கம். அதனை உயர்த்துவனவற்றுள் உப்பும் ஒன்று. நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே ஒருவருக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பளமும் கருவாடும் உள்ள கரையிலே இவ்வறிவுரை கடினமானதே. கருவாட்டுத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அதனை ஒழிக்க வேண்டும் என்பதன்று கருத்து. நாள்தோறும் உண்பதை வாரத்தில் சில நாளாக்கலாம். சமைக்குமுன் நீரில் ஊறவைத்து உப்பைக் களையலாம். கறிக்கு மேலும் உப்பிடாது விடலாம். நாற்பது வயதைக் கடந்தோர் குருதியமுக்கத்தை அளந்து பார்த்து, மருந்து விதிக்கப்பட்டிருப்பின் இடையில் நிறுத்தாது உட்கொள்ளல் வேண்டும். புகைத்தலை விடுதல் இவற்றோடு சேர்ந்தது.

ஒட்சியேற்ற எதிரி மருந்துகளின் கதை தோல்விக் கதையன்று, முடியாத கதை. கேடு நேரும் வழியை அவ்வாராய்ச்சி தெளிவாகக் காட்டிவிட்டது. தடுக்கும் கருவியே இன்னும் செவ்வையாகக் கைக்கு வரவில்லை. அது வரும்வரை மன்னார்க் கரையின் பழைய மூழ்குநர் அறிந்திருந்த ஒரு செய்தியே யாவருக்கும் வழிகாட்டி. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் குறிப்பறிந்து உடனே இழுத்தாலன்றி, ஆழத்திலிருப்பவன் பிழைப்பதரிது. பாரிசவாதமுற்றவரின் கயிறு வீட்டாரின் கையில் இருக்கிறது.